ஓவசியர் ஐயாவின் மொறிஸ் மைனர்

அன்பு மகன் இஷாமுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வெயிலுக்குள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம். உம்மாவின் முழங்கால் நோவு குறைவு, ஆனால் குறைந்தது என்று அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். உன் தங்கச்சி றிஸ்னாவின் சின்னவள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள், நம்முடைய புடவைக் கடைக்குக் கொண்டு வந்தால் அடுக்கி வைத்த சாரனெல்லாம் கீழே கிடக்கும். போன் இருக்க வாப்பா ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் என்றால் உம்மா பக்கத்தில் நிற்பாள், நீ கேள்விக்கு மேல் கேள்வி கேட்பாய், நான் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால் எழுதி நௌஷாட்டிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். தனியாக இருந்து வாசி. விஷயம் நம்முடைய குடோனில் நின்ற அந்த மொறிஸ் மைனர் கார்தான்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன் மகன். பழைய கார் சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்கு என்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது, முதலில் அதை எடுங்க, பிறகு காரை என் பெயருக்கு மாற்றுங்க, பாசிக்குடா ஹோட்டல்காரர் கலியாணங்களுக்கு வாடகைக்கு எடுப்பார்கள், நான் வேலையை விட்டு வந்துவிடுவேன் என்றாய். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நான் அலைந்தேன். கம்பனியில் இருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார், மரியாதையான மனிதர். கராஜ்காரன் ஸாஹிர் வந்து கார் பொனற்றைத் திறந்து கொடுத்தான். அவர் சேசிஸ் நம்பரின் மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்க்கத் தேய்க்க இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் அதைத் தன் போனில் அடித்துப் பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, ஹாஜியார், இந்தக் காருக்கு ஏற்கனவே இன்சூரன்ஸ் இருக்கே என்றார். இந்த வருஷம் ஏப்ரலிலும் கட்டியிருக்கிறதாம். தொண்ணூற்றொன்றில் இருந்து ஒரு வருஷமும் தவறவில்லையாம். சொந்தக்காரர் பெயர் பூபாலபிள்ளை, விலாசம் வவுணதீவு. ஸாஹிர் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டான்.

உனக்கு நான் சொன்னது ஒரு பொய். வெளிநாடு போன ஒரு ஆள் விற்றுவிட்டுப் போனார் என்று சொல்லியிருந்தேன். அப்படி இல்லை. பூபாலபிள்ளை ஐயா நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்கால் வேலைகளைப் பார்க்கிற ஓவசியர், நல்ல உயரமான மனிதர், நம்முடைய கடையில்தான் வேட்டி எடுப்பார். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், திரும்பச் சண்டை தொடங்கின கிழமை, காரைக் கொண்டு வந்து எனக்கு விலைக்குத் தந்தார். அந்த நாளில் எல்லாரும் செய்தது போல ஓபன் பேப்பர்தான், அவர் கையெழுத்து வைத்தார், திகதி போடவில்லை, வாங்குகிறவர் பெயரும் போடவில்லை, ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தோம். வீட்டில இன்னும் சொல்லல்ல பாவா, நானே சொல்லிக்கிறன், அதுவரைக்கும் வெளியில கதைக்காதீங்க என்றார். அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கடையை விட்டு இறங்கினார். அன்றைக்கு பஸ் ஓடவில்லை. வீடு போகக் கல்லடிப் பக்கமாக நடந்தார். கொண்டுபோய் விடட்டுமா என்று நான் கேட்கவில்லை மகன். புதுக் கார் வாங்கின சந்தோஷம், அதை உன் உம்மாவின் வாப்பாவிடம் காட்டப் போகிற அவசரம். ஓவசியர் ஐயா வீடு போய்ச் சேரவில்லை என்று பத்து நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

காணாமல் போன மனிதரின் கார் நம்முடைய குடோனில் நின்றால் அந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ பிறக்கவில்லை. படங்கைப் போட்டு மூடினேன், முன்னால் சீத்தைத் துணிக் கட்டுகளை அடுக்கினேன், வாயை மூடிக்கொண்டேன். சண்டை முடிந்த பிறகு சொல்லியிருக்கலாம். அப்போது பயமில்லை, வெட்கம். அது பயத்தைவிடக் கெட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அந்தக் காரின் ட்றைவர் சீற் ஒரு இடத்தில் நிற்காது. நான் கட்டை மனிதன், முன்னுக்கு இழுத்து வைத்தால்தான் கால் எட்டும். இழுத்து வைத்துவிட்டுப் பூட்டிவிட்டு வருவேன், இரண்டு நாளில் போய்ப் பார்த்தால் சீற் கடைசிவரை பின்னுக்குப் போயிருக்கும். ஸ்பிறிங் தேய்ந்துபோச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன லீவில் நீ எஞ்சினைத் திருத்தியபோது சீற்றுக்குக் கீழே கம்பி சுற்றியிருக்கிறது, ஏன் வாப்பா என்று கேட்டாய், நான் கதையை மாற்றிவிட்டேன். அதுதான் காரணம்.

மதிப்பீட்டாளர் போன அடுத்த நாள் காலை நான் பஸ் ஏறி, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போனேன். ஓவசியர் வீடு என்று கேட்டவுடன் காட்டினார்கள், இன்னும் அதுதான் பெயர். அவருடைய மனைவி அன்னப்பூரணி அம்மா இருக்கிறார், எண்பதுக்குக் கிட்ட வயது, நெற்றியில் பொட்டு. வளவுக்குள் ஒரு கார்க் கொட்டில், புதுக் கிடுகு போட்டு, கூட்டித் தண்ணீர் தெளித்து, உள்ளே ஒன்றுமில்லை. கேற் இரண்டு பக்கமும் நன்றாகத் திறக்கிற மாதிரி எண்ணெய் விட்டிருந்தது. நான் யாரென்று சொல்ல முன்னரே இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். பேச்சோடு பேச்சாக இன்சூரன்ஸ் கடுதாசிகளை எடுத்துக் காட்டினார், ஒவ்வொரு வருஷத்ததும் வரிசையாக, எல்லாம் ஐயாவின் பெயரில். அவர் காரோடதான் போனவர் தம்பி, வழியில ஆரும் மறிச்சா கடுதாசி இல்லாமத் தடுமாறக் கூடாது என்றார். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று எத்தனையோ பேர் வந்து சொன்னார்களாம், அம்மா எடுக்கவில்லை. அவருடைய கணக்கில் அந்த மனிதரும் அந்தக் காரும் முப்பத்தைந்து வருஷமாக எங்கேயோ ஒரு றோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நானோ அந்தக் காருக்குப் படங்கு போட்டு வைத்திருக்கிறேன்.

நான் சொல்லிவிட்டேன் மகன். ஒன்றையும் மறைக்கவில்லை, கொண்டுபோய் விடாததையும் சொன்னேன். ஏசுவார், மண் அள்ளிப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேற்றைப் பார்த்தபடி ஒரு கேள்வி கேட்டார். சீற் பின்னுக்குத்தானே இருக்கு, அவர் கால் நீட்டி ஓட்டுறவர் என்றார். அல்லாஹ் அறிய, அந்தச் சீற்றைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. ஓம் அம்மா, கட்டாம விட்டா பின்னுக்குத்தான் போகுது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ தெரிந்த விஷயத்தை நான் சரியாகச் சொன்னது போல.

சனிக்கிழமை காலை காரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன், தனியாகத்தான் போனேன். அவர் தந்துவிட்ட இன்சூரன்ஸ் கடுதாசியைக் கண்ணாடியில் வைத்து ஓட்டினேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறை அந்தக் காரில் களவு இல்லாமல் இருந்தேன். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது கீழே டக் என்று கம்பி அறுந்து சீற் பின்னுக்குப் போய்விட்டது. காற்பெருவிரல் நுனியால் பெடலை மிதித்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தொங்கிக்கொண்டுதான் மிச்ச வழியெல்லாம் போனேன், ஆயத்துல் குர்ஸி ஓதினது ஓதினபடி. ஹோர்ன் அடிக்க முன்னமே கேற் திறந்து கிடந்தது. அம்மா நேராக வந்து இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். அந்தக் கடைசிப் பின்னேரம் ஐயா எந்தப் பக்கம் நடந்தார் என்று காட்டச் சொன்னார். கடையடி வரை கூட்டிக்கொண்டுபோய்க் கல்லடிப் பக்கத்தைக் காட்டினேன். இவ்வளவு காலமாக அது அம்மாவுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் இறங்கவில்லை. கண்ணாடிக்கூடாக அந்த றோட்டைப் பார்த்தபடி இருந்தார், பிறகு வீட்டுக்குப் போவம் என்றார்.

உனக்காக நான் ஒரு கேள்வி கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. கார் ஐயாட பெயரிலேயே நிக்கட்டும் அம்மா, பழைய கார் இன்சூரன்ஸ் போட்டு என் மகன் ஓட்டட்டும், அதுக்கு ஒரு கையெழுத்துத் தருவீங்களா என்றேன். பூரணி அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். இந்த வாகனம் தினசரிப் பாவனையில் இல்லை என உறுதிப்படுத்துகிறேன் என்று இருந்தது. இதுக்கு ஒப்பம் வெக்க ஏலாது தம்பி, அவர் ஒவ்வொரு நாளும் ஓடுற கார் இது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரிச் சொன்னார். படிவத்தை மடித்து என் கையில் தந்தார். நான் கார்ச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். அறுந்த கம்பியை நான் திரும்ப முறுக்கப் போக, சீற்றைக் கட்டாதீங்க என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் திரும்பி வரும்போது, நடந்து போகாதீங்க தம்பி, பஸ் வரும்வரைக்கும் நில்லுங்க என்று கேற்றடியிலேயே நின்றார். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு கோல் எடுத்துச் சொல்லச் சொல்லி நம்பரும் தந்தார். மஃரிப் தொழுதுவிட்டு எடுத்தேன். அலுப்பில் பெயரைச் சொல்ல மறந்து, வந்து சேந்திட்டன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்தில் போனைக் கீழே வைக்கிறதும், செருப்புக் கால் வேகமாகப் போவதும், பிறகு கேற் இரண்டு பக்கமும் திறக்கிறதும் கேட்டது. நான் பாவா கதைக்கிறன் அம்மா, நான் பாவா என்று கத்தினேன், போனடியில் ஆள் இல்லை. அம்மா போனடிக்குத் திரும்பி வருவார் என்று கன நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அன்றையில் இருந்து உன் வாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை மகன்.

கார் நமக்கு இல்லை. கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள், ஆனால் கார் இல்லை என்று அங்கேயே இருந்துவிடாதே. கடை இருக்கிறது, ஸாஹிர் உன்னைத் தன் கராஜில் பங்காளியாகச் சேர்க்கக் காத்திருக்கிறான், உம்மா உன் அறையைக் கூட்டிக்கொண்டே இருக்கிறாள். தொழுகையை விடாதே, தண்ணீர் நிறையக் குடி. அல்லாஹ் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து எங்கள் கண்ணில் காட்டட்டும். பூரணி அம்மாவின் நம்பரைக் கடுதாசியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், மாதத்தில் ஒரு தரம் எடுத்துச் சுகம் விசாரி. எடுத்தவுடன் முதலில் உன் பெயரைச் சொல்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் வாப்பா,
முகைதீன்பாவா
காத்தான்குடி