மண்டபத்தைப் பூட்டிய முக்கால் மணி நேரம்

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை நம் மண்டபத்து வாசல் கதவைப் பூட்டிவிட்டேன். பட்டப்பகல் பத்தரை மணிக்கு! நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து திறந்த கதவு. பாப்பாவுக்கு அன்றைக்கே ஆபரேஷன் என்று உங்கள் தந்தி வந்ததும், ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போட தபாலாபீசுக்கு ஓடினேன். வீட்டைப் பூட்டுகிற நினைப்பில் கை தானாக மண்டபத்தைப் பூட்டிவிட்டது. லைனும் கிடைக்கவில்லை. முக்கால் மணியில் திரும்பிவிட்டேன்.

அதற்குள் சோப்பு முதலாளியின் பேரனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பூட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தாத்தா மண்டபத்தை ஊருக்குத் தானம் கொடுத்தபோது எழுதிவைத்தது உங்களுக்குத் தெரியாததா? வெயிலோ மழையோ, யார் வந்தாலும் ஒதுங்க இடம் வேண்டும். பகலில் கதவை அடைத்தால் கட்டடம் குடும்பத்துக்கே திரும்பும். அறுபது வருஷம் அடைக்காத கதவை நான் அடைத்துவிட்டேன். இடித்துக் கடை கட்டத்தானே அவர் காத்திருக்கிறார்! திங்கட்கிழமை நகராட்சியில் விசாரணை. மண்டபம் போனால் உங்கள் காவல் வேலையும் போச்சு, பின்கட்டில் நம் குடித்தனமும் போச்சு.

தினமும் பேப்பர் படிக்க வரும் தையல்காரர், "அந்தப் பேரனே பூட்டிட்டுப் போட்டோ எடுத்தான்னு சொல்லிடுங்கம்மா, நான் சாட்சி" என்கிறார். நம் தெருத் தச்சரோ, இனி எவன் பூட்டறான்னு பாத்துடலாம் என்று கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நேற்று சாரல் பெஞ்சுவரை அடித்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பேரனை எனக்கு ஆகாதுதான். அதற்காக என் தப்பை அவர் தலையில் கட்ட மனம் ஒப்பவில்லை. பெற்ற வயிறு, பதறி ஓடினேன் என்று உள்ளதைச் சொல்லப்போகிறேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் தெம்பாக இருக்கும். ஆனால் வராதீர்கள். அவளை விட்டு ஓரடிகூட நகராதீர்கள்.

தந்திக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்றோடு நாலு நாள். தபால்காரர் தெருமுனை திரும்பினாலே எதிரே ஓடுகிறேன். மண்டபம் யாருக்குப் போனாலும் போகட்டும். அவள் கண் திறந்தாளா? அதை மட்டும் எழுதுங்கள். என் கை என்று நினைத்து உங்கள் கையை அவள் நெற்றியில் வையுங்கள்.

கதவில்லாத வாசலில் தபாலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி