மாமா, உங்கள் நிலத்தில் யாரோ முளை அடித்திருக்கிறார்கள்

என் பிரியமுள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு மரியாதை. போய்ச் சேர்ந்தவரிடம் அதைக் கேட்பது அபத்தம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், கிளம்பிப் போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அது வேறு கதை.

இதை மடித்துப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். எங்கள் காண்டிராக்டர் படித்தாலும் சரிதான்.

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது பங்குனி. ஏரியில் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிட்டது. கால்வாயை ஒட்டிய உங்கள் அரை ஏக்கர், உங்களைக் கட்டிக்கொண்ட கஸ்தூரி அக்காவுக்கு என்று நீங்கள் விட்டுப்போன ஒரே சொத்து, போன வருஷம் முழுவதும் தரிசாகக் கிடந்தது. நெருஞ்சி முளைத்து, மாடுகள் மேய்ந்து, பார்க்கவே எரிச்சலாக இருந்தது. ‘குத்தகைக்காவது விடேன்’ என்று அக்காவிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் வேலை முடித்து, ரயிலேறி, கவரைப்பேட்டையில் இறங்கி, ஊருக்கு நடந்து வருகிறேன். ஊர் முனையில் தமுக்கு அடித்துக்கொண்டு ஒருவன் கத்துகிறான்.

“நாளைக்கு ஞாயித்துக்கெயம காலீல, கால்வாயாண்ட கஸ்தூரி நெலத்துல முளை போடறாங்கோ! அல்லாரும் வந்து பாருங்கோ!”

நடையை எட்டிப் போட்டேன்.

பயிர் வைக்கிறவன் காதில் முளை என்ற சொல் விழுந்தால், விதை வெடித்து எட்டிப் பார்க்கிற வெள்ளைக் குருத்து அவன் நினைவுக்கு வரும். என் காதில் விழுந்தால் சவுக்குக் கட்டைதான் நினைவுக்கு வரும். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, தொழிற்சாலை கட்டுகிற காண்டிராக்டரிடம் சர்வே வேலை பார்க்கிறேன். நிலத்தில் முளை அடித்து, அளக்கிற சங்கிலி பிடிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நிலத்தில் முதல் முளை இறங்கியது என்றால் அந்த நிலம் பாதி கைமாறிவிட்டது என்று அர்த்தம். சொந்தக்காரனுக்கு அது கடைசியாகத்தான் தெரியும்.

வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“யாரக் கேட்டுக்கா நெலத்துல முளை போட உட்ட?”

“யாரக் கேக்கணும்? என் நெலம்.”

“எதுனா கையெழுத்துப் போட்டியா?”

“வெத போடறதுக்கு இன்னாத்துக்குடா கையெழுத்து? வந்ததும் வராததுமா போலீஸ்காரன் மாதிரி நிக்கிற. கால கழுவிக்கினு உள்ள வா, தோச ஊத்தறேன்.”

தோசை ஊற்றியபடியே விஷயத்தைச் சொன்னாள். சர்க்கார் அனுப்பி, புதிதாக ஒரு கிராம சேவிகா வந்திருக்கிறார்களாம், சரோஜா என்று பெயர், பள்ளிப்பட்டுப் பக்கம். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் உங்கள் நிலத்தில் காய்கறித் தோட்ட வகுப்பு. ஒரு வாரம் விதை, ஒரு வாரம் பாத்தி, பிறகு எருக்குழி, பூச்சி மருந்து. ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒரு பாத்தி எடுத்துக்கொள்ளலாம். விளைந்தது அவரவர் வீட்டுக்கு. விதை இலவசம்.

இலவசம் என்றதும் எனக்குத் தோசை இறங்கவில்லை. ஒரு கிராமத்துக்குள் நுழையும்போது எங்கள் கோஷ்டியும் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுக்கும். முதலில் மிட்டாய், அப்புறம் சங்கிலி. ஊரில் அத்தனை நிலம் இருக்கும்போது புருஷன் இல்லாத பெண்ணின் நிலம்தான் அந்த சேவிகாவுக்குக் கண்ணில் பட்டதா? ரோட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில், தொழிற்சாலைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிற நிலம்தான் தோட்டத்துக்கும் தோதா? இதையெல்லாம் கேட்டேன். அக்கா சட்னியை என் தட்டில் தள்ளிவிட்டு, “நாளைக்கு வந்து உன் கண்ணால பாரு” என்றாள்.

பார்க்கப் போனேன். சந்தேகத்தோடுதான் போனேன்.

சரோஜா அம்மாள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்களாக இருப்பார்கள். கால்வாய்க் கரையில் பெண்கள் ஈரத்துணிச் சுருளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலு நாள் முன்பே விதையைக் கொடுத்து, துணியில் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து விதையில் எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு விதைக்க வேண்டுமாம். தமுக்கு அடித்தவன் சொன்ன முளை இதுதான். வெண்டையும் கொத்தவரையும் வால் விட்டிருந்தன. நாகம்மாவின் துணியில் மட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

“ஏம்மா, எதுல ஊற வெச்ச?” என்று சரோஜா அம்மாள் கேட்டார்கள்.

“சுடுதண்ணிலதான். எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, சூடா இருந்தா சுருக்கா மொளைக்கும்னு.”

“வெதய வேக வெச்சிட்டு மொளைக்கலன்னா? அடுத்த வாரம் அவரையும் இட்டுக்கினு வா. மொத பெஞ்சுல உக்கார வெப்போம்.”

கரையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கண் நிலத்தில் இருந்தது. பாத்திக்காக மூங்கில் குச்சி நட்டு, கயிறு கட்டியிருந்தார்கள். வாட்டம் தப்பு. தண்ணீர் கால்வாயிலிருந்து வர வேண்டும். பாத்தியோ கால்வாயைப் பார்த்துச் சரிகிறது. சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

“அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க சார். எனக்கு நெல் தெரியும், வெத தெரியும். மட்டம் தெரியாது,” என்றார்கள் சரோஜா அம்மாள். குரலில் கிண்டல் இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

“இன்ஜினீரு தம்பி கீயே எறங்க மாட்டாரு, பேன்ட்டு அயுக்காயிடும்,” என்றாள் நாகம்மா. இறங்கினேன். ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் பெண்களிடம் பிடிக்கக் கொடுத்து, எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று காட்டினேன். வேகமாகப் பேசுகிறேன் என்று இரண்டு தடவை நிறுத்தினார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு விஷயத்தை மறுபடி சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. மறுபடியும் சொன்னேன்.

கயிற்றை மாற்றிக் கட்டக் குனிந்து, குச்சிகள் நேராக இருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் நெருஞ்சிக்குள் வேறொன்று தெரிந்தது. கட்டை. விலக்கிப் பார்த்தால், தள்ளி இன்னொன்று. அதற்கு நேராக இன்னொன்று. மூங்கில் இல்லை, சவுக்கு. தலையில் தார் பூசி, நடுவில் ஆணி அடித்திருந்தது. வரிசை உங்கள் நிலத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனது.

மாமா, அந்தக் கட்டையை எனக்குத் தெரியும். சவுக்கைச் சீவி, தலையைத் தாரில் முக்கி, ஆணி அடிப்பது எங்கள் ஷெட்டில்தான். வேறு யாரும் தார் பூசுவதில்லை. எங்கள் காண்டிராக்டரின் கண்டுபிடிப்பு அது, கறையான் அரிக்காதாம்.

சரோஜா அம்மாளிடம் சீறினேன். “இது யாரு அடிச்சது?”

“நான் வந்தப்பவே இருந்திச்சு சார். உங்க ஆளுங்க அடிச்சதுன்னு அக்காதான் சொன்னாங்க.”

உங்க ஆளுங்க. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புல் பறித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம்! கரையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தபோது கேட்டேன்.

“உனக்குத் தெரியுமா? தெரிஞ்சிக்கினே ஏன்கா எங்கிட்ட சொல்லல?”

“மாசியில உங்க ஜீப்பு வந்துச்சி. நீ வந்துகீறன்னு நெனச்சி ஓடினேன். நீ இல்ல. இன்னாங்கடா இதுன்னு கேட்டேன். ‘உன் தம்பிக்கு அல்லாம் தெரியும், போம்மா’ன்னுட்டாங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.”

“எனக்கு எப்பிடிடா தெரியும், உனக்குத் தெரியாதுன்னு?” கூழைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். “நீயும் அதுல கீறியோன்னு நெனச்சேன். நீ இல்லன்னு சொன்னாலும் நம்பறதா வாணாவான்னு பேஜாரா இருந்துச்சி. அதான் சொல்லல. தரிசா கெடக்கறதாலதான கேள்வி கேக்காம முளை அடிக்கிறான்? அதான் அந்தம்மாவ இட்டாந்து, ஊர் பொம்பளைங்களயே எறக்கி உட்டேன். இப்ப அடிக்க வரட்டும்.”

ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தவன் நான். என் சொந்த அக்கா இத்தனை நாளாக என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். கோபப்படக்கூட முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கதையைச் சொன்னாள். படித்து முடித்து நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். நீங்கள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், எங்கள் காண்டிராக்டரைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி போனீர்களாம். மச்சானுக்கு ஒரு வேலை வேண்டும் என்று கேட்டீர்களாம். நிலம் கொடுக்கிற வீட்டுக்குத்தான் வேலை என்றாராம் அவர். நீங்கள் ‘பாக்கலாம்’ என்று சொல்லிவிட்டு வந்தீர்களாம். வீட்டுக்கு வந்து அக்காவிடம் இவ்வளவுதான் சொன்னீர்களாம்.

அந்த வருஷம்தான் நீங்கள் அந்த நிலத்தில் ஏர் பூட்டவில்லை. நீங்கள் போன மறு மாதம் எனக்கு வேலைக்கு ஆள் வந்து கூப்பிட்டது. என் மார்க்கைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதுதான் என் கேள்வி. அந்தப் ‘பாக்கலாம்’ எந்தப் ‘பாக்கலாம்’ மாமா? நம் ஊரில் பெண் பிடிக்காவிட்டாலும் பாக்கலாம் என்பார்கள், பிடித்திருந்தாலும் பாக்கலாம் என்பார்கள். முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் முகத்துக்கு நான் இப்போது எங்கே போவேன்? பெரிய மனிதனைப் பகைத்துக்கொள்ளாமல் நழுவி வருவதற்காகச் சொன்னீர்களா? அல்லது நிஜமாகவே கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கிற எண்ணம் இருந்தால் அக்காவிடம் சொல்லியிருக்க மாட்டீர்களா? எண்ணம் இல்லையென்றால் ஏன் ஏர் பூட்டவில்லை? அப்போதே உடம்பு சரியில்லையா? எதுவாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அரை ஏக்கரைக் கொடுத்து வேலை வாங்கித் தருகிற அளவுக்கு நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?

அக்காவிடமே கேட்டுவிட்டேன். “இப்ப இன்னாக்கா பண்றது?”

தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள். “அவரு இன்னா நெனச்சாருன்னு எனக்கும் தெரியாது. செத்தவர எழுப்பிக் கேக்க முடியாது. நெலம் எனக்கு வேணும், அது தெரியும். வேல உனக்கு வேணுமான்னு நீ பாத்துக்கோ.”

அவ்வளவுதான் பேசினாள். எழுந்து விதைக்கப் போய்விட்டாள்.

அந்தக் கட்டைகளை நான் பிடுங்கவில்லை. பிடுங்குவது வீண், வேறு குறியிலிருந்து அளந்து சாயங்காலமே திரும்ப அடித்துவிடலாம், அந்த வேலையை எனக்கே கொடுத்தாலும் கொடுப்பார்கள். இரண்டு பாத்தி வெண்டை வந்துவிட்டதால் கையகப்படுத்துகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றும் நான் நம்பவில்லை. அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சரோஜா அம்மாளையும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் சைக்கிள் மிதிக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. ஆனால் இன்று காலை கால்வாய்க் கரையில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி நிலத்தில் கால் வைக்க எங்கள் கோஷ்டிக்குத் தைரியம் வராது. அதை மட்டும் நம்புகிறேன். அந்தக் கோஷ்டியில் நான் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் மாமா. நாளைக் காலையில் காண்டிராக்டர் நாஷ்டா முடித்து ஷெட்டுக்கு வந்ததும், எல்லோர் முன்னாலும் கேட்பேன், என் மாமா உங்களிடம் சொன்னது சரி என்றா, இல்லை என்றா என்று. அவர் எதைச் சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. அதனால் அடுத்ததையும் சொல்லிவிடுவேன்: அந்த நிலம் கஸ்தூரியுடையது, அவள் கொடுப்பதாக இல்லை, அந்த நிலத்துக்காகத்தான் எனக்கு வேலை என்றால் இந்தாருங்கள், வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு எருக்குழி வகுப்பு. குழிக்கு ஆழம் எவ்வளவு, சரிவு எப்படி என்று சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடித்து வருவேனா, வேலையே இல்லாமல் வருவேனா, தெரியாது. ஆனால் வருவேன். அக்கா என்னை நம்புகிற வரைக்கும் வருவேன்.

உங்களிடம் கடன்பட்டேனா இல்லையா என்று தெரியாத
உங்கள் மச்சான்,
சேகர்