சேதி சொல்லாமல் விட்டவர்கள்

அன்பு மாப்பிள்ளை செந்திலுக்கு,

நீ போன பிறகு எனக்கு அழுகையே வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். நாம் தங்கியிருந்த பீளமேட்டு அறையைக் கூட்டி, உன் கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்தேன். என்னடா இவன், கல்லா என்று நினைக்கிறாயா?

அவிநாசி ரோட்டில் நீ வண்டியோடு விழுந்து இறந்த அன்று, மாமா, அதான் உன் அப்பா, ஊர் ஊராக ஆள் அனுப்பினார். எழவு சேதியை நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் காலத்துக்கும் மனத்தாங்கல். தாராபுரம் பக்கம் நான்தான் போனேன். கருமாதி முடிந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டு, "ஆருக்காச்சும் சொல்லாம உட்டுப்போட்டமுங்களா மாப்ளே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் காந்திபுரம் பிரவுசிங் சென்டரில் நம் குழு மெயிலைத் திறந்தால், சேதி சொல்லாமல் விட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைல்களை அடுக்கிப் பார்க்க, ஃபைல் மேனேஜர் என்கிற மென்பொருளை எழுத நம்மோடு சேர்ந்தவர்கள். சம்பளமில்லாமல், முகம் பார்க்காமல், எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள். ஃபைலை மவுஸால் இழுத்து வேறு ஃபோல்டரில் போடுகிற பகுதி உன் பொறுப்பல்லவா? அது பாதியில் நிற்கிறது. இந்த வாரமும் நீ பதில் போடாவிட்டால் அதை எடுத்துவிட்டுத்தான் வெளியிடுவேன் என்று, எல்லாருடைய பகுதிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் அந்த மனிதர் எழுதியிருந்தார். நீ நன்றாகத் தூங்குகிறாய் போல என்று இன்னொருவர் கிண்டல் செய்திருந்தார். அவர்களை என்ன குறை சொல்ல? சொல்லாமல் விட்டது நாம்தானே.

இங்கிலீஷில் நாலு வரி எழுதி அனுப்பினேன். வழக்கமாக நிரலில் பிழை பார்த்து எழுதுகிற மாதிரிதான் இருந்தது.

மாமாவிடம் வந்து, சிலரை விட்டுவிட்டோம், இப்போது சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"செந்தில் சோம்பேறி இல்லீங்க, உசுரு போனதாலதான் வேலை பாதியில நிக்குதுன்னு எழுதுனேனுங்க மாமா."

சம்பளமில்லாத வேலை என்று உன்னோடு மல்லுக்கு நின்றவர் அவர். அவரே கேட்டார்.

"அப்ப அந்த வேலைய ஆருங்க முடிக்கறது?"

நான் முடிக்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், இனி நீ முடிக்கப் போவதில்லை என்பது எனக்கு உறைத்தது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் பகுதியை யாரும் எடுக்க விடமாட்டேன், மாப்பிள்ளை. முடித்து, உன் பேரிலேயே அனுப்புவேன்.

உன் அத்தை மகன்,
குமரேசன்