ரேவதிக்கும் டிக்டேஷன் வேண்டும்

என் பிரியமுள்ள சரசு,

நீ நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்தப் பள்ளிக்கூடத்தோடு மாரடிக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாய். "காது கேக்கலன்னா என்ன, என் பொண்ணு நம்ம இரும்புலியூர்ப் பசங்களோடதான் படிப்பா" என்று ஒற்றைக்காலில் நின்றாயே, இப்போது வந்து பார்.

ஆறாம் வகுப்பில் உயர வரிசைப்படிதான் உட்கார வைப்பார்களாம். ரேவதிக்கு உன் உயரம். கடைசி பெஞ்சு. கழுத்தில் தொங்கும் காது மெஷினில் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரியும் மீட்டர்கேஜ் ரயிலும்தான் கேட்கின்றன. உதட்டைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்கிற பெண்ணுக்கு அங்கே என்ன தெரியும்? முன்னால் இருக்கிற பிள்ளைகளின் ரிப்பன் தெரியும்.

போய்க் கேட்டேன். "ஒருத்திக்கு மாத்தினா எல்லா பேரண்ட்ஸும் வருவாங்க சார்" என்றார் டீச்சர். தலைமையாசிரியை அதற்கும் மேலே. "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குத் தனி ஸ்கூல் இருக்கே சார்?" நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீசுக்கு லீவு போட்டு நடையாய் நடந்து, ஒருவழியாக முதல் பெஞ்சு கிடைத்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். பொறுக்குமா? போன வாரம் ரேவதி டிக்டேஷன் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வீசினாள். பத்துக்குப் பத்து. அவள் பெயரைத் தவிர தாளில் ஒரு எழுத்து இல்லை. "நான் எழுதவே இல்லப்பா. மிஸ் வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க" என்று அழுதாள்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போய் டீச்சரை வாசலிலேயே பிடித்தேன். "பாவம் சார், குழந்தையக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான் மார்க் போட்டுட்டேன்" என்றார். நல்ல மனுஷிதான், சரசு. அதுதான் இன்னும் எரிச்சல். வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அதற்குள் ரேவதி முந்திக்கொண்டாள். "எனக்கும் டெஸ்ட் குடுங்க மிஸ். என்னப் பாத்துச் சொல்லுங்க."

இன்று கொடுத்தார்களாம். பத்துக்கு மூன்று. தாள் முழுக்கச் சிவப்பு மை. "படிக்காம என்னத்தடி கிழிச்ச?" என்று கத்திவிட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தினமும் வாங்குகிற திட்டு. அவளுக்கு இதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டீச்சர் இன்னும் போர்டைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் நடத்துகிறாராம். நாளைக்கு அதற்கும் போகிறேன். நம் பெண் பெயிலானாலும் தன் கையால் எழுதிப் பெயிலாகட்டும். பாவம் பார்த்துப் பாஸ் போட யாரையும் விடமாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பேஜாராகிப்போன
உன் வீட்டுக்காரன்