எரிந்தது எந்த ரீல்?

அன்புக்கும் சண்டைக்கும் உரிய சேவியர் மச்சானுக்கு,

ராயபுரத்தில் எல்லாரும் நலம். அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குத்தான் உங்களைப் பற்றி ஒரு கேள்வி; நீங்கள் கல்லறைக்குப் போய்விட்டதால் அது என்னிடம் வந்தது.

நீங்கள் ஆபரேட்டராக இருந்த திருவொற்றியூர் தியேட்டரை இடித்துவிட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அதன் முதலாளி பழைய கதையை எடுத்தார். "ஸ்பெயின்காரன் பேய்ப்படம் ஓடிக்கினு கீது. ரீலு பத்திக்கினு எரியுது, சனம் விழுந்தடிச்சு ஓடுது. நம்ம சேவியரு மட்டும் தண்ணியப் போட்டுக்கினு ஜாலியா குந்திக்கினு கீறான்!"

பந்தியே சிரித்தது. இரண்டு இலை தள்ளி ஸ்டெல்லா உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறார்.

வெளியே வந்ததும் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா, இல்லியா? நீ ரிப்போர்ட்டருதானே, கண்டுபுடிச்சு சொல்லு."

வேலை போன பிறகு நீங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள்: "எரிஞ்சது என் ரீலு இல்லடா, படத்துக்குள்ள ஓடுற ரீலு." அதற்கு வந்த பதில், "இன்னா நைனா, காலங்காத்தாலயேவா?" படப்பெட்டி அந்த வாரமே விநியோகஸ்தரிடம் திரும்பிப் போய்விட்டது. யாரும் ரீலை எடுத்துப் பார்க்கவில்லை.

அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். அதன் சொந்த ஊரிலேயே அதிகம் பேர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒரு தியேட்டரில் சனங்கள் பேய்ப்படம் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்கும் படத்தையே நாமும் பார்க்கிறோம். ஓர் இடத்தில் காட்சி அப்படியே உறைகிறது. நடுவில், ரீல் தீப்பிடித்தது போலவே, பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி, விரிந்து, திரை வெள்ளையாகிறது. லேப்டாப்பில் பார்த்த நானே பதறிப்போய் சார்ஜரைப் பிடுங்கினேன். பிறகு படம் தானாகவே தொடர்கிறது.

அப்படியானால் கருகல் வாடை? ஓடியவர்கள் எல்லாரும் அடித்துச் சொன்னார்களே. மணலி எண்ணெய் ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் திருவொற்றியூரில் எந்த மேட்னியில்தான் வாடை இல்லை?

ஆக, மெஷினில் கோளாறு இல்லை. அதனால் நீங்கள் எழுந்திருக்கவில்லை. ஆனால் நீங்கள் குடித்திருக்கவில்லை என்பதற்கு இது ஆதாரமாகாது. அதையும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "குடிச்சாருன்னே வச்சுக்கோ. எரியாதத எரிஞ்சுதுன்னுதானே தொரத்துனாங்க?" என்றாள்.

எனக்குப் போதவில்லை. புதுப் பெட்டி வந்தால் முதலாளி தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிடுவார் என்று நீங்கள் சொன்னதுண்டு. அவரிடமே கேட்டேன். "அந்தக் கலீஜ் படத்தயா? நான் பாத்ததே இல்லப்பா!"

பார்த்திருந்தால், தீ பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கூட்டம் திரும்பி வந்து நாற்காலிகளை உடைத்தபோது, தெரிந்தே உங்களைக் கைகாட்டினாரா?

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டெல்லா டிவியில் அந்தப் படத்தைப் போடுவாள். என்ன படம் என்று அவரிடம் சொல்லவில்லை.

நான் படம் பார்க்கப்போவதில்லை, மச்சான். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கொப்புளத்தைக் கண்டு பதறினாரென்றால், சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். கொப்புளம் கிளம்புவதற்கு முன்பே பார்வையைத் திருப்பினாரென்றால், டிவியை நிறுத்திவிட்டு, ஸ்டெல்லா முன்னால் அவரைப் பேசவைப்பேன். இது சத்தியம்.

உங்கள் மச்சினன்,
ஸ்டெல்லாவின் தாய்மாமன்