வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஜமாரி டில்மனை இறக்க வேண்டாம்

அனுப்புநர்
திருமதி வெர்னிட்டா காஃபி,
அஞ்சலக எழுத்தர்,
மில் சாலை, ஆல்பிரைட்,
செனோபா கவுண்டி, அலபாமா.

பெறுநர்
உயர்திரு பள்ளிக் கல்விக் கண்காணிப்பாளர் அவர்கள்,
செனோபா கவுண்டி கல்வி அலுவலகம்.

பொருள்: கார்மல் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து அணியின் குவாட்டர்பேக் ஜமாரி டில்மன், கழுத்தில் அடிபட்டு வலது கை மரத்த நிலையில் வெள்ளிக்கிழமை ஆட இருப்பதைத் தடுத்து, மருத்துவப் பரிசோதனைக்கு ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜமாரி என் தங்கை ஓனிடாவின் ஒரே மகன். பதினேழு வயது. என் மகன் டேரியன் ஆல்பிரைட் அணியில் லைன்பேக்கர். எதிரணியில் பந்தோடு ஓடி வருகிறவனை மறித்து வீழ்த்துவது அவன் வேலை. இந்த வெள்ளிக்கிழமை இரண்டு பள்ளிகளும் எங்கள் ஊர் மைதானத்தில் மோதுகின்றன. இரண்டும் தங்கள் அதிகாரத்தின் கீழ் வருவதால் இந்த மனுவைத் தங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாரிடமும் போக எனக்கு வழியில்லை. போன இடங்களில் என்ன நடந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

2. தங்களுக்கு ஆட்டம் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. ஆயினும் பதிவில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அணியின் தாக்குதலை நடத்துகிற குவாட்டர்பேக்குகள் பெரும்பாலும் பின்னால் நின்று பந்தைக் கையால் எறிகிறவர்கள். ஜமாரி எறிவதைவிட ஓடுவதே அதிகம். கார்மல் பயிற்சியாளர் திரு. மேட்டக்ஸ் இந்தப் பருவம் முழுவதும் அவனை ஓடவிட்டே ஜெயித்திருக்கிறார். ஒரு ஆட்டத்தில் இருபது முறைக்கும் மேல் அவன் பந்தைக் கட்டிக்கொண்டு, தன்னைவிட ஐம்பது பவுண்டு கனமான பையன்களுக்கு நடுவே புகுகிறான். அதற்காகத்தான் கார்மல் ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்கமாட்டேன். நானே எதிர்த் தரப்பு இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

3. ஓடுகிற குவாட்டர்பேக் தன்னைக் காத்துக்கொள்ள விதியே ஒரு வழி வைத்திருக்கிறது. காலை முன்னால் நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துவிட்டால் அவனை யாரும் அடிக்கக் கூடாது. செப்டம்பரில் ஒரு ஆட்டத்தில் ஜமாரி அப்படித்தான் சறுக்கினான். சறுக்காமல் ஓடியிருந்தால் இன்னும் இரண்டு கெஜம் கிடைத்திருக்குமாம். இருக்கையிலிருந்து ஒருவர், "என்னடா தம்பி, சர்ச் பெஞ்சுல உக்கார்ற மாதிரி உக்காந்துட்டே?" என்று கத்தினார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை என் தங்கை வீட்டு முற்றத்தில் யாரோ குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன் வேறு. என் தங்கையும் சேர்ந்து சிரித்தாள். ஜமாரி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அவன் ஒரு முறைகூடச் சறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராகப் போய் மோதுகிறான்.

4. இதுவரை மூன்று முறை அவனுக்குக் கழுத்திலிருந்து விரல்நுனி வரை நெருப்பு ஓடியது போல எரிந்து, வலது கை தொங்கிப்போயிருக்கிறது. முதல் முறை சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட்டது. இரண்டாம் முறை இடைவேளை வரை ஆனது. மூன்றாம் முறை நடந்தது போன வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு முறையும் உணர்வு கொஞ்சமாவது திரும்பி வந்துவிடுவதால் எல்லோரும் அதை விளையாட்டில் சகஜம் என்கிறார்கள். கார்மல் அணிக்காக மைதான ஓரத்தில் நிற்கும் மருத்துவரே அந்த அணியின் ஆதரவாளர் சங்கத் தலைவரும்கூட. அவர் ஜமாரியின் கையைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்து, "பிடி இரும்பு மாதிரி இருக்கு" என்று சொல்லி மறுபடி உள்ளே அனுப்பினார். எந்தக் கையைக் குலுக்கினார் என்று எனக்குத் தெரியாது.

5. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இரண்டு குடும்பமும் வழக்கம்போல் என் வீட்டில் சாப்பிட்டோம். இனிப்புத் தேநீர்க் கூஜாவை டேரியன் பக்கம் நகர்த்தப் போன ஜமாரி, அதைப் பாதி வழியில் தவறவிட்டான். மேசை முழுக்கத் தேநீர். "கை வழுக்கிடுச்சு பெரியம்மா, கூஜாவுக்கும் எங்க டீமைக் கண்டா நடுக்கம் போல" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு அவன் முள்கரண்டியை இடது கையில் மாற்றிக்கொண்டான். கோழியை அம்மாவிடம் கொடுத்துப் பிய்த்துத்தரச் சொன்னான். அவனை அடுப்படிக்குத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை மட்டும் பெரியம்மா. யுனிவர்சிட்டிலேர்ந்து அவங்க டீமுக்கு ஆள் எடுக்க என்னைப் பாக்க வர்றாங்க. அது முடிஞ்சா ஒரு மாசம் படுத்தே கிடக்கறேன், நீங்களே சூப் வச்சுக் கொடுங்க" என்றான். என் மகன் டேரியன் அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஜமாரியின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

6. என் கணவர் திரு. ரோஸ்கோ காஃபி நல்ல மனிதர். அவர் வாய் மட்டும் சும்மா இருக்காது. திங்கட்கிழமை காலை சிற்றுண்டி விற்கும் பிஸ்கட் கடையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் கூஜா விழுந்த கதையைச் சுவையாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசையில் ஆல்பிரைட் அணியின் துணைப் பயிற்சியாளர்கள் இருவர். அன்று மாலைப் பயிற்சியிலேயே தலைமைப் பயிற்சியாளர் திரு. ஸ்டிரிக்லண்ட் என் மகனைத் தனியே அழைத்து ஒற்றன் வேலையைக் கொடுத்தார். அதாவது, ஆட்டம் முழுவதும் ஜமாரி ஒருவனையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்து, அவன் ஓடத் தொடங்கியதும் போய் மோத வேண்டும். வலது தோளில் மோத வேண்டும் என்பது தனி உத்தரவு.

7. நான் திரு. ஸ்டிரிக்லண்ட் அவர்களை நேரில் சந்தித்தேன். அவர் என்னை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். "மேடம், எல்லாமே ரூலுக்குள்ளதான். ஒருத்தனுக்கு வலது பக்கம் வீக்குன்னு தெரிஞ்சப்புறம் இடது பக்கம் போய் மோதறதுக்கு நான் என்ன பைத்தியமா? அடிபட்டிருந்தா அவங்க கோச் இறக்கமாட்டாரு. இறக்கினா அடி இல்லேன்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னதில் விதிப்படி ஒரு தவறும் இல்லை. அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

8. செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கார்மல் சென்று திரு. மேட்டக்ஸ் அவர்களையும் பார்த்தேன். அவர் கூறியது: "நின்னு எறியறவன்தான் மேடம் அதிகமா உடையறான். பின்னாலேர்ந்து வர்ற அடி அவனுக்குத் தெரியாது. ஓடறவன் அடி வர்றதைப் பாத்து உடம்பை இறுக்கிக்கறான்." அப்படியும் இருக்கலாம். கணக்கு எடுத்தவர்கள் பலர் அப்படிச் சொல்வதாக அவரே சொன்னார். நான் எல்லா குவாட்டர்பேக்குகளைப் பற்றியும் பேசப் போகவில்லை ஐயா. ஏற்கெனவே மூன்று முறை செத்துப் பிழைத்த ஒரு கையைப் பற்றி, அந்தக் கைக்கு மேலே இருக்கும் ஒரு கழுத்தைப் பற்றிப் பேசப் போனேன். அப்போது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "நீங்க ஆல்பிரைட்தானே? ஆட்டத்துக்கு மூணு நாள் இருக்கறப்ப எங்க பையன் மேல உங்களுக்கு என்ன திடீர்னு இவ்ளோ அக்கறை?"

9. அன்று இரவே என் தங்கையும் அதையே கேட்டாள். "உன் பையன் ஜெயிக்கணும்னா ஜெயிக்கட்டும். அதுக்கு என் பையனோட எதிர்காலத்துல ஏன்க்கா கை வைக்கறே?" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். எங்களுக்குள் இப்படி ஒரு வார்த்தை இதுவரை வந்ததில்லை. எங்கள் ஊரிலோ, ஸ்டிரிக்லண்டிடம் போய் நின்றதற்காக என்னைத் துரோகி என்கிறார்கள். இன்று காலை அஞ்சலகத்தில் தபால்தலை வாங்க வந்த ஒருவர், "எந்த ஊர்ப் பக்கம்னு முடிவு பண்ணியாச்சா வெர்னிட்டா?" என்று சில்லறையை எண்ணிக்கொண்டே விசாரித்தார். நான் தபால்தலையைக் கொடுத்தேன்.

10. ஆகவே இந்த மனுவையும் எதிரணியின் சூழ்ச்சி என்று தாங்கள் நினைக்க எல்லா நியாயமும் உண்டு. அந்தச் சந்தேகத்தைப் போக்க என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஜமாரியை நிறுத்தும் அதே ஆணையில் என் மகன் டேரியன் காஃபியையும் அந்த ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடுங்கள். பெற்றோர் சம்மதக் கையொப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். ஜமாரி இல்லாததால் ஆல்பிரைட்டுக்கு வரும் லாபத்தை டேரியன் இல்லாதது ஓரளவு ஈடுகட்டும் என்று ஆட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். என் மகன் என்னை மன்னிக்க நாளாகும். அது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

11. நேற்று பயிற்சி முடிந்து வரும்போது காரில் அவனிடம், மோதாமல் விட்டுவிடேன் என்று நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவன் சொன்னான்: "நான் விட்டா பின்னால இன்னொருத்தன் வருவாம்மா. அவனுக்கு ஜமாரி யாருன்னே தெரியாது. நான்னா எப்படி விழவைக்கறதுன்னாவது பாத்துப் பண்ணுவேன்." பதினாறு வயதுப் பையன், தன் சித்தி மகனை நோகாமல் வீழ்த்துவது எப்படி என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பயிற்சியாளர்கள், ஒரு மருத்துவர், இரண்டு ஊர் ஜனம் சேர்ந்து யோசிக்க வேண்டியதை அவன் தலையில் கட்டியிருக்கிறோம். எனக்குக் கோபமாக இருக்கிறது ஐயா. இதைவிடப் பணிவாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

12. எனவே, இரு பள்ளிகளுக்கும் சம்பந்தமில்லாத நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஜமாரியின் கழுத்தைப் படமெடுத்துப் பார்த்து எழுத்துமூலம் அனுமதிக்கும் வரை, அவன் தோள் கவசம் அணிந்து மைதானத்தில் இறங்கக் கூடாது என்று இன்றே ஆணையிடுமாறு வேண்டுகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்களுக்கும் தங்கள் அலுவலகமே ஒரு வார்த்தை எழுதினால், பையனுடைய வாய்ப்பு கெடாது. நாளை மாலைக்குள் ஆணை வராவிட்டால் வெள்ளிக்கிழமை எல்லோரும் மைதானத்தில்தான் இருப்போம்.

13. இந்த மனுவை உறையிலிடும் முன் டேரியனிடம் படிக்கக் கொடுத்தேன். அவனைப் பற்றி எழுதியிருக்கும்போது அவனுக்குத் தெரியாமல் அனுப்புவது முறையல்ல. கத்துவான் என்று நினைத்தேன். முழுவதையும் நின்றபடியே படித்தான். பிறகு, "இதெல்லாம் நடக்காதும்மா. இன்னொண்ணு எழுது, அதுவாவது செய்வாங்க" என்றான். அவன் சொன்னதை அவன் பெயரிலேயே கீழே சேர்க்கிறேன்.

ஆல்பிரைட் மைதானத்தில் ஆம்புலன்ஸ் நிற்பது வடக்கு வாயிலுக்கு வெளியே. டிக்கெட் இல்லாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று ஆட்டம் தொடங்கியதும் அந்த வாயிலைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அதைப் பூட்டாமல், எதிரே கார் எதுவும் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

வெர்னிட்டா காஃபி
(கையொப்பம்)

டேரியன் காஃபி
(கையொப்பம், கடைசிக் கோரிக்கைக்கு மட்டும்)

இடம்: ஆல்பிரைட்
நாள்: 23.10.2024, புதன்கிழமை

இணைப்பு: பெற்றோர் சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதம் – ஒன்று.