வெளிச்சுவரில் மிஞ்சிய குழாய்

மடவாஸ்கா, மெய்ன்
நவம்பர் 3

அன்புள்ள அப்பா,

போனில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன், மன்னியுங்கள். பேசினால் பாதியில் வைத்துவிடுவேன்.

வீட்டைச் சூடாக்க இனி எண்ணெய் வேண்டாம். மின்சார ஹீட் பம்ப் வைத்தாயிற்று. இந்த வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால் அரசு மானியத்துக்கு விண்ணப்பம் எழுதியதும் நானே. நிலவறையில் இருந்த எண்ணெய்த் தொட்டியை நேற்று எடுத்துப் போனார்கள். வெளிச்சுவரில் அதற்கு எண்ணெய் ஊற்றும் குழாயை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அம்மா சிரித்தாள். "பன்னிரண்டு வருஷப் பழக்கம். உங்கப்பா எண்ணெய் லாரியோட வந்து வெறும் நிலவறையில நூறு கேலன் ஊத்திட்டுப் போகப்போறாரு, பாரு!"

"ஊத்தறப்போ காத்து வெளியேறி தொட்டி விசிலடிக்கலைன்னா உடனே நிறுத்திடுவாரும்மா."

"அதுக்காவது காது குடுக்கிறாரே!"

நீங்கள் பிரிந்து போன பிறகும் மாதம் ஒருமுறை அந்தக் குழாய் வரைக்கும் வந்தீர்கள். ரசீதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவீர்கள். நான் ஜன்னலருகே நிற்பேன். இனி அதற்கும் வேலையில்லை.

குழாயைக் கழற்றி ஓட்டையை அடைக்க வேண்டும். ஆள் கூப்பிட்டிருக்கலாம், நான் கூப்பிடவில்லை. சனிக்கிழமை நீங்கள் வந்து கழற்றுங்கள். முடிந்ததும் கதவைத் தட்டுங்கள், அப்பா.

உங்கள் மகள்